ஜூரி ரிக்: கரை சேரும் வரைக்கும் ஒரு பாய்மரம்

இந்த எபிசோடு ஒரு திட்டில் இருந்து ஆரம்பிக்குது. திட்டு வாங்கினது நான்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. எங்க ப்ராஜெக்ட்டில் தினமும் நள்ளிரவில் இன்னொரு சிஸ்டத்தில் இருந்து ஒரு ஃபைல் வரும். அதைப் படிச்சுத்தான் பில் போடணும். அன்னைக்கு ஃபைல் முழுசா வந்து சேர்றதுக்குள்ள எங்க ப்ரோகிராம் அதைப் படிக்க ஆரம்பிச்சுடுச்சு. பாதி ஃபைல், பாதி பில். ஒழுங்கான தீர்வு என்னன்னா, ஃபைலை அனுப்புறவங்க கடைசியில் "முடிஞ்சது"ன்னு ஒரு அடையாளம் வைக்கணும், அதைப் பார்த்த பிறகுதான் நாம தொடங்கணும். அதுக்கு அந்த டீமோட பேசணும், மீட்டிங் போடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார்கிட்ட பேசறது? நான் மூணு வரி கோட் எழுதினேன். நாற்பது வினாடி காத்திரு, அப்புறம் படி. மேலே ஒரு கமென்ட்: "இப்போதைக்கு. திங்கட்கிழமை மாத்தணும்." வேலை செஞ்சது. தூங்கப் போயிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

இந்த வருஷம் ஃபைல் பெரிசாயிடுச்சு. நாற்பது வினாடி போதலை. பாதி பில் வெளியே போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி டியூட்டியில் இருந்தது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாசமே ஆன ஒரு தம்பி. விடிய விடிய முழிச்சிருந்து, காலையில் மீட்டிங்கில் உட்கார்ந்து, "நான் சரியா செக் பண்ணலை போல"ன்னு தன் மேலேயே பழியைப் போட்டுக்கிட்டு விளக்கம் சொல்லிட்டு இருந்தான். எது உடைஞ்சதுன்னு எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் ஒரு அஞ்சு நிமிஷம் நான் வாயைத் திறக்கலை. ஏன்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் எதுவும் இல்லை. அதுக்குள்ள யாரோ ஸ்க்ரீனை ஷேர் பண்ணி, அந்த வரியை யார் எழுதினதுன்னு பார்த்தாங்க. என் பேர் வந்தது.

அன்னைக்கு சாயங்காலம், பிரிட்டனில் இருந்து எங்களோட வேலை பார்க்கிற ஒரு மூத்த கலீக் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். கோபமா எல்லாம் எழுதலை. ஒரே ஒரு விஷயம்: "ஜூரி ரிக்காக இருந்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இது ஜெரி பில்ட்." வார இறுதியில் பாய்மரப் படகு ஓட்டுகிற மனுஷன் அவர். ரெண்டுமே ஒரே அர்த்தம்தானே, ஏன் ரெண்டு தடவை திட்டுகிறார் என்று நினைத்தேன். அகராதியைத் திறந்தேன். அங்கிருந்து வந்ததுதான் இந்த எபிசோடு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஒன்று உடைந்துவிட்டது. சரியான பாகம் கையில் இல்லை. கையில் இருப்பதை வைத்து, இப்போதைக்கு ஓடுகிற மாதிரி ஒன்றைக் கட்டிவிடுவது. இதற்கு ஆங்கிலத்தில் ஜூரி ரிக். நம்ம ஊரில் "எப்படியாவது ஒப்பேத்திடு" என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் ஒப்பேத்துறதுக்குள் ஒரு சலிப்பு இருக்கிறது, "இதுக்கு இது போதும்" என்கிற மாதிரி. ஜூரி ரிக் பிறந்த இடத்தில் அந்தச் சலிப்பு கிடையாது. அங்கே ஒப்பேத்தவில்லை என்றால் சாவு.

பிறந்த இடம் கடல்.

'ரிக்' என்றதும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஞாபகம் வரலாம். அதற்கு முன்பே அது கப்பல்காரர்களின் சொல். பாய்மரம், குறுக்குத் தண்டுகள், கயிறுகள், பாய்கள் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்புக்கும் ரிக் என்று பெயர். அதில் தற்காலிகமாக நிறுத்திய பாய்மரம் ஜூரி மாஸ்ட். இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய இடமாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டுவது 1616-இல் வந்த ஒரு புத்தகத்தை. எழுதியவர் கேப்டன் ஜான் ஸ்மித். போகஹான்டஸ் கார்ட்டூன் படம் பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும். அதே ஆள்தான், படத்தில் இருக்கிற அளவுக்கு அழகன் இல்லை.

1614-இல் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையைச் சுற்றி வந்து, அந்தப் பகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர் வைத்தவர் ஸ்மித். அங்கே குடியேற்றம் அமைக்க 1615-இல் பிளிமத் துறைமுகத்தில் இருந்து ரெண்டு கப்பல்களோடு கிளம்பினார். நடுக்கடலில் புயல். அவர் இருந்த கப்பலின் பாய்மரங்கள் முறிந்தன, உள்ளே தண்ணீர் ஏறியது. ஒரு ஜூரி மாஸ்ட்டை நிறுத்திக்கொண்டு பிளிமத்துக்கே திரும்பி வந்தார். சும்மா இருந்தாரா? இல்லை. அதைவிடச் சின்ன கப்பலில் மறுபடி கிளம்பி, இந்தத் தடவை பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டார். அவர்கள் கப்பலில் கைதியாக இருந்தபோது எழுதியதுதான் அந்தப் புத்தகம். அதில் ஜூரி மாஸ்ட் என்ற சொல்லை எந்த விளக்கமும் இல்லாமல், சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போகிறார். மாலுமிகளின் வாயில் அதற்கு முன்பே புழங்கிய சொல்லாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, நடுக்கடலில் பாய்மரம் முறிந்தால் என்னதான் செய்வார்கள்? நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடிக்கு வந்தவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

பெரிய கப்பலில் பாய்மரம் என்பது ஒரே மரம் கிடையாது. அடிமரம் ஒன்று, அதன் தலையில் இன்னொன்று, அதற்கும் மேலே ஒன்று என்று அடுக்கி நிறுத்தியிருப்பார்கள். அது முறிந்து விழும்போது கடலில் போய்த் தொலையாது. நூற்றுக்கணக்கான கயிறுகளால் கப்பலோடு பிணைந்திருக்கும். அலை அந்த மரத்தைத் தூக்கித் தூக்கிக் கப்பலின் விலாவிலேயே மோதும், உலக்கை மாதிரி. அதனால் முதல் வேலை கோடாலி. கயிறுகளை வெட்டி, விழுந்ததைக் கடலில் விட வேண்டும். பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீண்ட பயணம் போகிற கப்பலில் மாற்று மரத்தண்டுகள் சிலவற்றை ஏற்றியிருப்பார்கள். ரெண்டு தண்டுகளை ஏ எழுத்து மாதிரி தலையில் சேர்த்துக் கட்டி ஒரு பளுதூக்கி செய்வார்கள். அதை வைத்து மூன்றாவது தண்டைத் தூக்கி, முறிந்த அடிக்கட்டையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி, இடையில் ஆப்பு அடிப்பார்கள். நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, சின்னப் பாய் ஒன்றை ஏற்றுவார்கள். பெரிய பாய் ஏற்றக்கூடாது, ஏற்றினால் இதுவும் போகும். இத்தனையும் ஆடுகிற கப்பலில், ஈரத்தில், சில சமயம் இருட்டில்.

இதைச் செய்ய எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? கப்பலின் எடை, காற்றின் அழுத்தம், மரத்தின் பலம் எல்லாம் கையில் ஊறிய தச்சர். அரைகுறை ஆள் கட்டினால் அடுத்த காற்றில் சரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் இந்தச் சொல் தொடக்கத்தில் திட்டே கிடையாது. 'தற்காலிகம்' என்ற அர்த்தம் அதில் இருந்தது. 'மட்டம்' என்ற அர்த்தம் இல்லை.

இப்போது பெரிய கேள்வி. இதில் நீதிமன்றத்து ஜூரி எங்கே வந்தார்?

வரவில்லை. நீதிமன்ற ஜூரி, 'சத்தியம் செய்' என்ற லத்தீன் வேரில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தவர். சத்தியப்பிரமாணம் எடுத்த ஆள். கடலில் இருக்கிற ஜூரிக்கும் அவருக்கும் உறவு கிடையாது, ஒலி மட்டும்தான் ஒன்று. இன்ஜுரி மாஸ்ட், அதாவது காயம்பட்ட பாய்மரம் என்பதுதான் தேய்ந்து ஜூரி ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. பிரெஞ்சில் 'ழூர்' என்றால் நாள், ஒரு நாளைக்கான பாய்மரம் என்று இன்னொரு கதை. அதற்கும் அதே கதிதான். அகராதிகள் கொஞ்சமாவது மதிப்புக் கொடுக்கிற ஊகம் வேறு. பழைய பிரெஞ்சில் 'அஜூரி' என்று ஒரு சொல் இருந்தது. உதவி என்று அர்த்தம். அதில் இருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், அதையும் உறுதியாகச் சொல்வதில்லை. எனக்கு இந்த ஊகம் ரொம்பப் பிடித்திருக்கிறது. உதவிக்கு வந்த மரம். ஏன் பிடித்தது என்று பின்னாடி சொல்கிறேன்.

அடுத்து ஜெரி. இது கடல்காரன் இல்லை, கரையில் இருக்கிற மேஸ்திரி. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மட்டமான சாமான் போட்டு அவசர அவசரமாகக் கட்டி விற்ற வீடுகளை ஜெரி பில்ட் என்றார்கள். 1869 அளவில் அச்சில் கிடைக்கிறது. யார் அந்த ஜெரி? லிவர்பூலில் ஜெரி என்ற பெயரில் கட்டட வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்பார்கள். பைபிளில் எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்த எரிகோ கோட்டை மதில்தான் ஜெரி ஆனது என்பார்கள். எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஜெர்மன்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர் மட்டும் நிச்சயமாக இல்லை. அந்தப் பட்டப்பெயர் முதல் உலகப்போர் சமயத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது, ஜெரி பில்ட் அதற்கு ரொம்ப மூத்தது. ஜெர்மன்காரர்களால் வந்தது நம்ம வீட்டில் தண்ணீர் பிடிக்கிற ஜெரி கேன். அந்த வடிவத்தை முதலில் செய்தது ஜெர்மன் ராணுவம், பெட்ரோலுக்காக.

ஆக, ஜூரி ஒரு பக்கம், ஜெரி ஒரு பக்கம். ரெண்டும் காதில் ஒரே மாதிரி விழும். 20-ஆம் நூற்றாண்டில் ரெண்டையும் குழப்பி 'ஜெரி ரிக்' என்று மூன்றாவது ஒன்றை மக்கள் பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அகராதிகளே அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. மொழி அப்படித்தான் ஓடும், அதில் சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் குழப்பத்தில் ஒரு வித்தியாசம் காணாமல் போகிறது. ஜூரி ரிக் தற்காலிகம் என்று கட்டினவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும், அந்த நேரத்துக்கு அது நல்ல வேலை. ஜெரி பில்ட் வீடு நிரந்தரம் என்று சொல்லி விற்கப்படுவது, உள்ளே மோசமான வேலை. என் கலீக் ஏன் ரெண்டு சொல் போட்டார் என்பது இங்கே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது ஒரு கதை. இந்த எபிசோடுக்காகப் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1798 மே மாதம். நெப்போலியன் டூலோன் துறைமுகத்தில் பெரிய படையைத் திரட்டிக்கொண்டு இருக்கிறார். எங்கே போகப் போகிறார் என்று பிரிட்டிஷ்காரர்களுக்குத் தெரியாது. வேவு பார்க்க நெல்சனை அனுப்புகிறார்கள். அவருடைய கப்பல் வேன்கார்ட், 74 பீரங்கிகள். கூட ஓரியன், அலெக்ஸாண்டர் என்று ரெண்டு பெரிய கப்பல்கள், சில ஃபிரிகேட்கள். ஃபிரிகேட் என்பது சின்னதான, வேகமான கப்பல். முன்னால் ஓடிப்போய் எதிரி எங்கே என்று பார்த்துவந்து சொல்லும். கடற்படைக்கு அதுதான் கண்.

மே 19-ஆம் தேதி நெப்போலியன் கிளம்பிவிட்டார். மறுநாள் ராத்திரி நெல்சனைப் புயல் பிடித்தது. வேன்கார்டின் மேல்மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. கடைசியில் முன்பாய்மரம் மொத்தமாகப் போனது. கப்பல் சார்டினியாவின் பாறைக் கரையை நோக்கி அடித்துக்கொண்டு போகிறது. அலெக்ஸாண்டரின் கேப்டன் பால், வடம் கட்டி வேன்கார்டை இழுக்க ஆரம்பித்தார். இப்படியே போனால் ரெண்டு கப்பலும் பாறையில் மோதும் என்று பயந்து, வடத்தை விட்டுவிடச் சொன்னார் நெல்சன். பால் கேட்கவில்லை. விடாமல் இழுத்து, சான் பியேத்ரோ என்ற சின்ன தீவுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு முன்னால் ரெண்டு பேருக்கும் அவ்வளவாக ஆகாது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் நண்பர்கள்.

அங்கே கப்பல் பட்டறை எதுவும் கிடையாது. இருந்த தண்டுகளையும் மூன்று கப்பல்களின் தச்சர்களையும் வைத்து, நாலே நாளில் ஜூரி மரங்களை நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காகப் பார்த்தால் பட்டறையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய கப்பல் அது. நெல்சன் திரும்பிப் போகவில்லை. அதே கோலத்தில் நெப்போலியனைத் தேடக் கிளம்பிவிட்டார்.

இங்கேதான் திருப்பம். புயலில் பிரிந்துபோன ஃபிரிகேட் கேப்டன்கள், வேன்கார்டுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டார்கள். இவ்வளவு சேதத்துக்கு எந்த அதிகாரியும் பட்டறைக்குத்தானே போவார் என்று கணக்குப் போட்டு, அவர்களும் ஜிப்ரால்டர் பக்கம் போய்விட்டார்கள். நியாயமான கணக்கு, தப்பான விடை. நெல்சனிடம் இப்போது கப்பல் இருக்கிறது, கண் இல்லை. பிறகு வேறு பெரிய கப்பல்கள் வந்து சேர்ந்தன, ஃபிரிகேட்கள் மட்டும் வரவில்லை. ஜூன் 22 ராத்திரி ரெண்டு படைகளும் இருட்டில் பக்கம் பக்கமாகக் கடந்து போயின. நெல்சனுக்குத் தெரியவில்லை. அவசரமாக அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போனார், துறைமுகம் காலி. எதிரி இங்கே வரவில்லை போல என்று கிளம்பிவிட்டார். ஒரு சில நாளில், ஜூலை 1-ஆம் தேதி, நெப்போலியன் அங்கே வந்து இறங்கினார்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி அபுகிர் வளைகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்படை நங்கூரம் போட்டு நின்றிருந்ததைக் கடைசியில் பிடித்தார். நைல் போர் என்கிறோமே, அது. பிரெஞ்சு வரிசையில் இருந்த 13 பெரிய கப்பல்களில் தப்பியது ரெண்டுதான். நெல்சன் நின்று சண்டை போட்டது, தீவுக்குப் பின்னால் நாலு நாளில் ஒட்டவைத்த அந்த வேன்கார்டில் இருந்து.

வழக்கமாகக் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள், கைதட்டல், ஜூரி ரிக் வாழ்க. ஆனால் இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி இருக்கிறது. போர் முடிந்து நேப்பிள்ஸுக்குப் போகிற வழியில், செப்டம்பர் நடுவில் ஒரு சூறைக்காற்று. வேன்கார்டின் முன்பாய்மரம் மறுபடியும் முறிந்து விழுந்தது. உயிர்ச்சேதமும் ஆனது. உலகமே கொண்டாடிய கப்பல் செப்டம்பர் 22-ஆம் தேதி நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்தபோது, இன்னொரு கப்பல்தான் அதை இழுத்துக்கொண்டு வந்தது. ஜூரி மரம் என்பதால்தான் முறிந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மே மாதப் புயல் முழுசான மரத்தையே முறித்ததே. ஆனால் அடுத்த துறைமுகம் வரைக்கும் என்று கட்டிய ஒன்று நாலு மாசம் ஓடியது, நடுவில் ஒரு போரையும் பார்த்தது. யாராவது "திங்கட்கிழமை மாத்தணும்"னு சொல்லியிருப்பாங்களோ?

கப்பலை விட்டு வெளியே வருவோம். அப்போலோ 13 உங்களுக்குத் தெரியும், 1995-இல் வந்த படத்தை டிவியில் பத்து தடவை பார்த்திருப்பீர்கள். 1970 ஏப்ரல். சந்திரனுக்குப் போகிற வழியில் ஆக்ஸிஜன் டேங்க் வெடித்தது. மூன்று பேரும் லூனார் மாட்யூலுக்குள் ஒதுங்கினார்கள். அது ரெண்டு பேர் ரெண்டு நாள் இருக்கச் செய்தது. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் தீர்ந்துகொண்டே வந்தன. தாய்க்கலத்தில் வேறு டப்பாக்கள் இருந்தன, ஆனால் அவை சதுரம். லூனார் மாட்யூலில் ஓட்டை வட்டம். எட் ஸ்மைலி என்ற பொறியாளரின் குழு, மேலே என்னென்ன சாமான் இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்வெளி உடையின் குழாய், டக்ட் டேப். கீழே செய்து சோதித்துப் பார்த்துவிட்டு, ரேடியோவில் ஒவ்வொரு படியாக வாசித்தார்கள், மேலே கட்டினார்கள். கார்பன் டை ஆக்ஸைடு அளவு இறங்கியது.

எல்லோரும் சொல்லும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. பூமிக்குள் நுழைவதற்கு முன்னால் லூனார் மாட்யூலைக் கழற்றி விட்டுவிட்டார்கள். அது காற்றுமண்டலத்தில் எரிந்துபோனது. அந்த டேப் ஒட்டிய பெட்டியை யாரும் அடுத்த பயணத்துக்குக் கொண்டுபோகவில்லை. கரை வந்தது, மரத்தை இறக்கிவிட்டார்கள்.

நம்ம துறைக்கு இந்த விஷயத்தில் சொந்தமாகவே சொற்கள் உண்டு. பேட்ச் என்கிறோம். அது உவமை கிடையாது, நிஜமான ஒட்டு. 1944-இல் வந்த ஹார்வர்ட் மார்க் 1 கம்ப்யூட்டருக்கு ப்ரோகிராம் என்பது ஓட்டை போட்ட காகிதச் சுருள். தப்பான இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டால், மேலே ஒரு துண்டை ஒட்டி மூடுவார்கள். பஞ்சர் கடை மாதிரியேதான். அப்படி ஒட்டுப் போட்ட சுருளைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. க்லூஜ் என்று இன்னொன்று. 1962-இல் ஜாக்சன் கிரான்ஹோம் என்பவர் டேட்டாமேஷன் பத்திரிகையில் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதி அதைப் பிரபலமாக்கினார். ஒன்றோடு ஒன்று ஒட்டாத பாகங்களைச் சேர்த்துக் கட்டிய அலங்கோலம் என்று அர்த்தம். கவனியுங்க, நம்ம ஆட்கள் கையில் வந்ததும் சொல் நேரா கிண்டலுக்குப் போய்விட்டது. ஜூரி ரிக் மாதிரி மரியாதையான சொல் ஒன்று எங்களிடம் இல்லை.

'அஜூரி' ஏன் எனக்குப் பிடித்தது என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா.

2018-இல் கோல்டன் குளோப் ரேஸ் என்று ஒரு பந்தயம். தனி ஆளாக, எங்கும் நிற்காமல், உலகத்தைப் பாய்மரப் படகில் சுற்ற வேண்டும். 1968-இல் இருந்த தொழில்நுட்பம்தான் அனுமதி. நம்ம கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய துரியா என்ற படகில் கலந்துகொண்டார். செப்டம்பர் 21-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் மேற்கே, தெற்கு இந்தியப் பெருங்கடலில் பெரும் புயல். துரியாவின் பாய்மரங்கள் போயின. அபிலாஷுக்கு முதுகெலும்பில் அடி. எழுந்து நடக்க முடியவில்லை. படுத்த இடத்தில் இருந்து மெசேஜ் மட்டும் அனுப்ப முடிந்தது. ஜூரி ரிக் கட்ட முதலில் நிற்க முடிய வேண்டும் இல்லையா?

அவருக்கு 90 கடல் மைல் தள்ளி அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கின். அதே புயல், அவர் படகின் ரெண்டு பாய்மரங்களும் போய்விட்டன. ஆனால் அவருக்குப் பெரிய அடி இல்லை. அவர் ஒரு ஜூரி ரிக்கைக் கட்டினார். கட்டிவிட்டுக் கரையைப் பார்த்துப் போகவில்லை. அபிலாஷ் இருக்கும் திசைக்குத் திருப்பினார். மனிதர் நடக்கிற வேகம்கூட இருக்காது. அந்தக் கடலில் அந்த நேரத்தில் அபிலாஷுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது இந்த உடைந்த படகுதான்.

அவர் போய்ச் சேரவில்லை. செப்டம்பர் 24-ஆம் தேதி ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் முதலில் அபிலாஷை எடுத்தது, அன்றே மக்கினையும் எடுத்தது. ரெண்டு பேரையும் ஆம்ஸ்டர்டாம் தீவில் இறக்கிவிட்டார்கள். முதுகில் உலோகம் வைத்துத் தைத்த அபிலாஷ், அடுத்த பந்தயத்தில் மறுபடி கலந்துகொண்டு 2023 ஏப்ரலில் ரெண்டாவதாக வந்தார். அது தனி எபிசோடுக்கான கதை.

சொல்லாராய்ச்சிக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி, மக்கின் கட்டிய அந்த மரத்துக்கு உதவி மரம் என்ற பெயர் பொருந்தும்.

சரி, என்னோட மூணு வரிக்கு வருவோம். அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு நாற்பது வினாடி காத்திருக்கச் சொன்னது தப்பா? இல்லைன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். அன்னைக்கு அது ஜூரி ரிக். வேற மரம் கையில் இல்லை, பில் போயாகணும். எந்த நாளில் அது ஜெரி பில்ட் ஆச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை இல்லை, அதுக்கடுத்த வாரம் கூட இல்லை. ஏதோ ஒரு நாள், ஒரு புது ஆளுக்கு சிஸ்டத்தை விளக்கும்போது, "இங்க ஃபைல் வரும், படிச்சுக்கும்"னு சொல்லிட்டு அந்த நாற்பது வினாடியைப் பத்தி வாயே திறக்காம அடுத்த ஸ்லைடுக்குப் போனேன் பாருங்க, அன்னைக்குத்தான். ஜூரி மரம்னா கப்பலில் ஏறுகிற எவனுக்கும் பார்த்த உடனே தெரியும். கட்டிப்போட்ட கயிறே சொல்லிடும். கோடில் அப்படிக் கயிறு வெளியே தெரியாது. என் கமென்ட் ஒண்ணுதான் இருந்தது, அதையும் யாரும் அந்தப் பக்கம் போகாததால் யாரும் படிக்கலை.

அந்தத் தம்பிகிட்ட மறுநாள் பேசினேன். "அந்த மீட்டிங்கில் நான் முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என்னுது"ன்னேன். அவன், "பரவாயில்லைண்ணா"ன்னான். அப்புறம் கொஞ்சம் விட்டு, "நீங்க சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட அழுதிருக்க மாட்டேன்"னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

ஃபைல் அனுப்புற டீமோட பேசினோம். மூணு வருஷமா நான் தள்ளிப்போட்ட அந்த மீட்டிங் இருபது நிமிஷத்தில் முடிஞ்சுபோச்சு. இப்போ கடைசி வரியில் "முடிஞ்சது"ன்னு அடையாளம் வருது. மாற்றி எழுதினது அந்தத் தம்பி, ரிவ்யூ பண்ணினது நான். பழைய மூணு வரியையும் என் கமென்ட்டையும் அவனே அழிச்சான். கமிட் மெசேஜில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "திங்கட்கிழமை வந்துவிட்டது."

இந்த எபிசோடு அவ்வளவுதான் மக்களே. உங்க ஆபீஸில், வீட்டில், வண்டியில் "இப்போதைக்கு"ன்னு கட்டி இன்னும் ஓடிட்டு இருக்கிறது ஏதாவது இருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, நல்லதா நாலைந்தை அடுத்த வாரம் போடுறேன். பேர் சொல்ல வேண்டாம், உங்க மேனேஜரும் கேட்கலாம். வரட்டுமா?